பூஞ்சணம் பிடித்த 8×40 பைனாகுலரைத் திருத்தி இறக்கக்கண்டிக்குக் கொண்டுபோனது

இரண்டாவது முயற்சியில்தான் சரிவந்தது. ஜனவரி நடுப்பகுதி, இறக்கக்கண்டிக் களப்பின் ஓரம், காலை ஏழு மணி. ஏறத்தாழ 80 மீற்றர் தள்ளிச் சேற்றில் நின்ற பறவையின் கால் செம்மஞ்சள் கலந்த சிவப்பு என்று இரண்டு பேரும் ஒரே பைனாகுலரை மாறிமாறிப் பிடித்துச் சொன்னோம். பவளக்காலி. டிசம்பரில் அதே சேற்றில், அதே தூரத்தில், அதே பைனாகுலரில் பார்த்தபோது பவளக்காலியா பச்சைக்காலியா என்று பிரிக்க முடியவில்லை. இருபது நிமிடத்தில் நண்பருக்குத் தலையிடியும் வந்துவிட்டது. அந்த ஒரு மாதத்துக்கு முன்னும் பின்னும் நடந்த வேலையை ஒழுங்குப்படி எழுதி வைக்கிறேன். கடற்காற்றும் மாரி ஈரமும் சேரும் திருகோணமலையில் அலுமாரிக்குள் இப்படி ஒன்று கிடக்கும் வீடுகள் பல.

பொருள் பழைய யப்பான் தயாரிப்பு, 8×40, உள்ளே ஒளியை மடித்துத் திருப்பும் அரியங்கள் (கண்ணாடிப் பிறிசங்கள்) நிற்பதால் தோள் அகன்ற பழைய பாணி. எட்டு மடங்கு பெருக்கம், 40 மில்லிமீற்றர் பொருள்வில்லை (முன்பக்கப் பெரிய வில்லை). நாற்பதை எட்டால் பிரித்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5 மில்லிமீற்றர். விடியற்காலை மங்கலுக்கு இது நல்ல அளவு. இதைவிடப் புதியது வாங்குவதற்கு முன் இதைத் திறந்து பார்க்கலாம் என்று முடிவெடுத்ததற்கு அந்த 5 மில்லிமீற்றர்தான் காரணம்.

திறக்கும் முன் கோளாறுகளைத் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். போன் டோர்ச்சைப் பொருள்வில்லைப் பக்கமிருந்து சாய்வாக அடித்து, பார்வைத்துண்டின் (கண் வைக்கும் முனையின்) பக்கமிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். தூசு புள்ளி புள்ளியாக நிற்கும். பழைய கிறீஸ் ஆவியாகிப் படிந்தது முகில் போல ஒரே சீராகப் பரவியிருக்கும். பூஞ்சணம் மரவேர் மாதிரிக் கிளைவிட்டு ஓடும். இதில் வலது குழாயில் இரண்டு அரியங்களிலும் வேர் ஓடியிருந்தது; வலது பொருள்வில்லையின் உட்பக்க ஓரத்திலும் கொஞ்சம். இடது குழாயில் மெல்லிய முகில் மட்டும். குவியச் சில்லு இறுகியிருந்தது. இவை மூன்றும் பார்த்தவுடன் தெரிகிற கோளாறுகள். நான்காவதுதான் பெரியது: வலது படமும் இடது படமும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை.

அதை அளந்தது இப்படி. பின்வளவிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றரில் ஒரு ஓட்டுக்கூரை தெரிகிறது. முக்காலியில் ஒரு பலகைத் துண்டைப் பூட்டி, பைனாகுலரின் இடது குழாயை மட்டும் பலகையோடு சைக்கிள் ரியூப் கீலத்தால் இறுக்கிக் கட்டினோம். பிறகு கண்ணை பார்வைத்துண்டிலிருந்து 15, 20 சென்ரிமீற்றர் பின்னால் எடுத்தால் இரண்டு வட்டங்களும் தனித்தனியாகத் தெரியும். இரண்டிலும் கூரை முகடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இதில் வலதுபக்கம் ஒன்றரை ஓட்டு வரிசை மேலே நின்றது. ஒரு வரிசை சுமார் 30 சென்ரிமீற்றர் என்றால் பிழை 45 சென்ரிமீற்றர். 200 மீற்றரில் அது ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் பைனாகுலர் படத்தைப் பெருக்கும்போது பிழையையும் எட்டு மடங்கு பெருக்கிவிடும். கண்ணுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய முழு ஒரு பாகை. நமது கண்கள் உள்நோக்கி ஓரளவு திரும்பி ஈடுகொடுக்கும். வெளிநோக்கி மிகக் கொஞ்சம். ஒரு கண் மேலேயும் மற்றது கீழேயுமாகத் திரும்ப அவற்றுக்குப் பழக்கமே இல்லை. தலையிடி வருவது அங்கேயிருந்துதான்.

கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை. மணிக்கூடு திருத்துவோர் பாவிக்கும் சின்னத் திருப்புளி செற் ஒன்று (1.0, 1.4, 2.0 மில்லிமீற்றர் தட்டை நுனிகள்தான் வேலைக்கு வந்தன), காது கழுவும் றப்பர் குமிழ் ஊதுவதற்கு, ஐஸ்கிறீம் குச்சிகள், ஈர்க்கு, மருந்துப் பஞ்சு, பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித்துண்டு, சைக்கிள் ரியூப். வில்லை வளையத்தைக் கழற்ற ஒரு தட்டைச் சட்டத்தில் இரண்டு ஆணி அடித்து, நுனியை அரத்தால் தட்டையாக்கி எடுத்தோம். ஆணிகளுக்கிடையே உள்ள தூரம் வளையத்தின் இரு வெட்டுகளுக்கு மிகச் சரியாக இருக்க வேண்டும். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் வழுக்கி வில்லையில் கோடு விழும். கடதாசியில் முதலில் பென்சிலால் அச்செடுத்து, அதை வைத்தே ஆணி அடிப்பது நல்லது.

ஒரு நேரத்தில் ஒரு குழாய்தான். இரண்டையும் ஒரே நாளில் திறந்தால் எது எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. வலதை முதலில் எடுத்தோம்.

பொருள்வில்லைக் குழாய் உடலோடு நேரடி மரையில் நிற்கிறது. சைக்கிள் ரியூபை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையால் திருகியபோது அசையவில்லை. மரை ஓரத்தில் சிகரெற் லைற்றருக்கு விடும் பெற்றோல் இரண்டு துளி விட்டு, அரை மணி நேரம் வைத்த பிறகு இளகியது. குறடு பிடிக்கவே கூடாது. மெல்லிய அலுமினியக் குழாய் நெளிந்தால் மரை திரும்பப் பிடிக்காது. கழன்றதும் குழாய்க்கும் உடலுக்கும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டோம்.

பார்வைத்துண்டுகளைத் தாங்கும் பாலம் நடுத்தண்டின் தலையில் ஒரேயொரு திருகாணியில் நிற்கிறது. அதைக் கழற்றிக் குவியச் சில்லைத் திருப்பிக்கொண்டே போனால் பாலம் மேலே எழும்பிக் கையோடு வரும். இதில் கவனிக்காமல் விடக்கூடாத இடம் ஒன்றுண்டு. நடுத்தண்டின் மரை ஒற்றை மரை அல்ல, பல தொடக்கம் கொண்ட மரை. எந்தத் தொடக்கத்தில் கழன்றதோ அதே தொடக்கத்தில்தான் திரும்பப் பூட்ட வேண்டும். மாறினால் சில்லு முழுதாகச் சுற்றியும் தூரத்துப் பொருள் தெளிவாகாது, அல்லது கிட்டத்துப் பொருள் தெளிவாகாது. கழன்ற கணத்தில் சில்லில் ஒரு புள்ளி, தண்டில் ஒரு புள்ளி என்று கியூடெக்ஸால் (நகப்பூச்சால்) வைத்ததால் இதில் தப்பினோம்.

மேல்மூடியை மூன்று திருகாணிகள் பிடித்திருந்தன. உள்ளே மேல் அரியம், அதன்மேல் வில் போன்ற தகட்டுக் கிளிப், ஒளி சிதறாமல் தடுக்கும் கறுப்புத் தகட்டு மூடி. கிளிப்பைத் திருப்புளியால் நெம்பினால் வழுக்கும்போது அரியம் கீறும். ஐஸ்கிறீம் குச்சியின் நுனியைச் சரிவாகச் சீவி, அதால் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி எடுக்கலாம். அரியத்தின் மங்கிய பக்கங்களில் பென்சில் எழுதும். மேல் என்றால் ஒரு கோடு, கீழ் என்றால் இரண்டு கோடு, கண் பக்கத்துக்கு ஒரு அம்பு. மினுங்கும் முகங்களை விரலால் தொடக்கூடாது.

துடைப்பதில்தான் முதல் பிழை. பாமசியில் ஸ்பிரிற் என்று கேட்டால் தருவது காயம் துடைக்கும் ஸ்பிரிற். அதில் தோல் வரளாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் முதலியவை சேர்ந்திருக்கும். துடைத்துக் காய்ந்ததும் அரியம் முழுக்க எண்ணெய்ப் படலம், டோர்ச் அடித்தால் வானவில் நிறம். அரை நாள் அதைத் துடைத்து நீக்கவே போனது. கேட்டு வாங்க வேண்டியது ஐசோபுரோப்பைல் அற்ககோல், 99 சதவீதம் அல்லது அதற்குக் கிட்டியது.

சரிவந்த முறை இது. முதலில் றப்பர் குமிழால் ஊதித் தூசை அகற்ற வேண்டும். தூசோடு தேய்த்தால் அதுவே அரத்தாள் மாதிரி வேலை செய்யும். பிறகு 6 சதவீத ஐதரசன் பெரொக்சைட்டில் நனைத்த பஞ்சை அரியத்தின் முகத்தில் பத்து நிமிடம் போட்டு வைத்தோம். அது பூஞ்சணத்தின் பிடியை இளக்கும். பஞ்சை எடுத்தபின் ஈர்க்கு நுனியில் புதிதாகப் பஞ்சு சுற்றி, ஐசோபுரோப்பைலில் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றிக்கொண்டே போனோம். ஒரு பஞ்சு ஒரு தடவைக்கு மட்டும். கடையில் விற்கும் காதுப் பஞ்சுக்குச்சி வேண்டாம், தலையை ஒட்டியிருக்கும் பசை அற்ககோலில் கரைந்து வில்லையில் படியும். கடைசியாக வேட்டித்துண்டால் ஒரு இழுப்பு. ஒரு அரியத்துக்கு 14 பஞ்சு போனது.

பொருள்வில்லைக்கு இவ்வளவு நனைக்கக்கூடாது. அது இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. ஓரத்தால் அற்ககோல் புகுந்தால் ஒட்டு வெளுத்துவிடும், அதைத் திருத்த வீட்டில் வழியில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்து, முகத்தை மட்டும் துடைத்தோம். வேர் போய்விட்டது, வேர் ஓடிய தடம் போகவில்லை. பூஞ்சணம் சுரக்கும் அமிலம் பூச்சை அரித்த இடம் அது. ஓரத்தில் இரண்டு மில்லிமீற்றர் அகலம் என்பதால் பார்வையில் தெரியவில்லை, விட்டுவிட்டோம். அசெற்றோன் பக்கமே போக வேண்டாம். பூச்சு, பிளாஸ்ரிக், ஒட்டு எல்லாவற்றையும் அது தின்னும்.

குவியச் சில்லின் உலோகத் துண்டுகளை மட்டும் தனியாக எடுத்து மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியால் கழுவி, வெயிலில் காயவைத்து, மிளகளவு வெள்ளை லிதியம் கிறீஸ் பூசினோம். தையல் மெசினுக்கு விடும் எண்ணெய் வேண்டாம். அது ஊர்ந்து போய் வில்லையில் ஏறும்.

இரண்டாவது பிழை பூட்டும்போது. கீழ் அரியம் உட்காரும் பள்ளத்தில் பழைய பசை ஒரு கடுகளவு மிஞ்சியிருந்ததைக் கவனிக்கவில்லை. அரியம் அதன்மேல் ஏறி மிகச் சிறிதாகத் திரும்பி உட்கார்ந்தது. இரண்டு அரியங்களும் ஒன்றுக்கொன்று மிகச் சரியாகச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஒரு பாகை திரும்பினால் படம் இரண்டு பாகை சரியும். வீட்டில் வைத்துப் பார்த்தபோது கூரை வீட்டுக்காரரே சரிவாகக் கட்டியது போலிருந்தது, நம்பி விட்டுவிட்டோம். மறுநாள் உப்புவெளிக் கடற்கரையில் கடல்விளிம்பைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இடது வட்டத்தில் கோடு நேர், வலது வட்டத்தில் வடக்குப் பக்கம் தூக்கி நின்றது. சரிவைப் பார்க்கக் கடல்விளிம்பை விட நல்ல மட்டம் இல்லை, கூரையையும் மதிலையும் நம்பக்கூடாது. திரும்பக் கழற்றி, பள்ளத்தை ஐஸ்கிறீம் குச்சியால் சுரண்டித் துடைத்து, அரியத்தை உட்காரவைத்ததும் கோடு நேரானது.

அடுத்தது இரு படங்களையும் ஒன்றாக்குவது. இந்த வகையில் உடலைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறுப்புத் தோல்துணியின் ஓரத்துக்குள் ஒவ்வொரு குழாயிலும் இரண்டு நுண்ணிய திருகாணிகள் மறைந்திருக்கும், ஒவ்வொரு அரியத்துக்கும் ஒன்று. முடி உலர்த்தியால் மெல்லச் சூடாக்கினால் தோல்துணி கிழியாமல் உரியும். திருகாணி நேரடியாக அரியத்தின் ஓரத்தைத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் தாங்குவது கிளிப்பின் வில்விசை மட்டும். அரியங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்பதால் ஒரு திருகாணி படத்தை ஒரு திசையிலும் மற்றது அதற்குக் குறுக்கேயும் நகர்த்தும். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக்கூடாது. இறுக்கிக்கொண்டே போனால் அரியத்தின் ஓரம் சிப்பியாக உடையும். இறுகினால் முதலில் தளர்த்தி, கிளிப்பைச் சற்றுத் தூக்கி இருத்திவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

ஒருவர் வட்டங்களைப் பார்க்க, மற்றவர் திருப்புளி பிடித்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். வலதின் இரு திருகாணிகளையும் மாறிமாறித் தொட்டு, கூரை முகடு ஒரே மட்டத்துக்கும் மூலையில் நின்ற லைற் போஸ்ற் ஒரே இடத்துக்கும் வந்தது. இரவில் ஒரு வெள்ளியை (நட்சத்திரத்தை)க் கொண்டும் சரிபார்த்தோம். மார்கழியில் எட்டு மணிக்குக் கிழக்கே திருவாதிரை வசதியான உயரத்தில் நிற்கும். வலது பார்வைத்துண்டைத் திருப்பி அந்தப் பக்கம் வெள்ளியை மங்கலான வட்டத்தட்டாக்கி, இடதில் கூர்மையான புள்ளியாக வைத்துக்கொண்டு இரண்டு கண்ணாலும் பார்த்தால், புள்ளி தட்டின் நடுவில் நிற்க வேண்டும். நின்றது. கியூடெக்ஸ் ஒரு துளி விட்டுத் திருகாணிகளைப் பூட்டி, அடுத்த நாளே இறக்கக்கண்டிக்குப் போனோம். மூன்றாவது, நான்காவது பிழைகள் இரண்டும் அந்தப் பயணத்தில்தான் வெளிவந்தன.

வாடைக்காற்று, விட்டுவிட்டு மழை. இறக்கக்கண்டிப் பாலத்துக்கு மேற்கே களப்பின் உட்புறமாக, வரம்பு போன்ற மேட்டில் உட்கார இடம். ஆறு மணிக்குப் பைனாகுலரை எடுத்தபோது வலது பொருள்வில்லையின் உட்பக்கம் முழுக்க ஆவி. வெளியே துடைத்துப் பயனில்லை. மழை பெய்த பின்னேரத்தில் மேசையில் திறந்து வைத்து, அந்த ஈரக் காற்றோடேயே மூடியிருந்தோம். விடியற்காலைக் குளிரில் உள்ளே இருந்த ஈரம் கண்ணாடியில் படிந்தது. வெயில் ஏறி ஏழரைக்குத்தான் தெளிந்தது.

தெளிந்த பிறகு நண்பர் பிடித்தார். "மச்சான், எனக்கு அந்தக் கம்பம் ரெண்டாத் தெரியுது" என்றார். என் கையில் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவர் கண்ணுக்கு மடித்ததை அப்படியே வாங்கிப் பார்த்தபோது எனக்கும் இரண்டு. என் கண்மணிகளுக்கு இடையே 67 மில்லிமீற்றர், அவருக்கு 60. நாங்கள் செய்த சீரமைப்பு 67க்கு மட்டும் சரி. மடிப்பைச் சுருக்கியதும் பிழை திரும்ப வந்துவிடுகிறது. அன்றைக்கு அவருடைய சொந்தப் பைனாகுலரில்தான் மிச்ச நேரம் பார்த்தோம்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் வழி எளிது. குழாய் நடு மடிப்புத்தண்டுக்குச் சமாந்தரமாகப் பார்க்கவில்லை என்றால், மடிக்கும்போது அது பார்க்கும் திசையும் தண்டைச் சுற்றிச் சுழலும். சமாந்தரமாக இருந்தால் எவ்வளவு மடித்தாலும் படம் நகராது. ஆகவே இரண்டு வட்டங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் தொடங்குவதே பிழையான தொடக்கம். சரியான ஒழுங்கு: இடது குழாயை அசையாமல் கட்டு. வலதை முழுதாக விரித்து, படம் இடது படத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எழுது. முழுதாக மடித்துத் திரும்ப எழுது. இரண்டு அளவும் வேறு என்றால் பிழை வலதில். இரண்டும் ஒன்றாகும்வரை வலதின் திருகாணிகளை மட்டும் தொடு. அந்த நேரம் இரண்டு படங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் நிற்கலாம், பரவாயில்லை. அளவுகள் ஒன்றான பிறகு, மிச்சம் நிற்கும் பிழை இடது குழாயுடையது. அதை இடதின் திருகாணிகளால் தீர்.

எங்கள் கணக்கில் 200 மீற்றர்க் கூரையில், விரித்தபோது பிழை இல்லை, மடித்தபோது வலதுபக்கம் முக்கால் வரிசை கீழே. வலதை நான்கு தடவை எட்டிலொரு சுற்றாகத் திருப்பியதும் விரித்தாலும் மடித்தாலும் அரை வரிசை கீழே என்று ஒன்றுபட்டது. அந்த அரை வரிசையை இடதில் எடுத்தோம். கடைசியில் 58, 63, 70 மில்லிமீற்றர் என்று மூன்று மடிப்பிலும் கால் வரிசைக்குள் நின்றது. கால் வரிசை என்றால் எட்டு சென்ரிமீற்றருக்குள். கண்ணுக்கு வரும்போது பாகையில் ஆறில் ஒரு பங்கு. இருவருக்கும் அது தொந்தரவு தரவில்லை.

ஈரத்துக்கு: பொருள்வில்லைக் குழாய்களைக் கழற்றிய நிலையிலேயே, றப்பர் விளிம்புள்ள மூடிப்பெட்டியில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் வைத்தோம். ஈரப்பதன்மானி 78இலிருந்து 42க்கு இறங்கியது. பெட்டியைத் திறந்த ஐந்து நிமிடத்துக்குள் மழையில்லாத மதியத்தில் குழாய்களைப் பூட்டி, மரை வெளி ஓரத்தில் கிறீஸ் மெல்லிய வளையமாகப் பூசினோம். பின்னர் உள்ளே ஆவி வரவில்லை.

ஜனவரிப் பயணத்தில் சூரியன் சுமார் 6.25க்கு எழும்பியது. இறக்கக்கண்டியில் கடல் கிழக்கே, களப்பு மேற்கே என்பதால் காலையில் முதுகில் வெயிலை வைத்துக்கொண்டு பார்க்கலாம். கால் நிறம் பார்க்க அதுதான் வேண்டும். பின்னேரம் போனால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். கடலேற்றத்தைக் கணக்குப் பார்த்துப் போக வேண்டும் என்று பிறநாட்டு வழிகாட்டிகள் சொல்வது இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. நமது கடலேற்றம் ஒரு மீற்றரையே எட்டாது. களப்பில் சேறு தெரிவதையும் மூழ்குவதையும் மழையும் முகத்துவார மணல்திட்டும்தான் தீர்மானிக்கும். பெருமழை விட்டு நாலைந்து நாள் கழித்து, தண்ணீர் வடியத் தொடங்கும் காலை நல்லது.

நிற்கக்கூடாது, உட்கார வேண்டும். ஆட்காட்டிக் குருவி ஒன்று நம்மைக் கண்டால் கத்திக் களப்பு முழுக்கச் சொல்லிவிடும். இரண்டு பேரும் 6.10க்கே மேட்டுக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து, அது ஓயும்வரை இருபது நிமிடம் அசையவில்லை. பின்பு உள்ளான்கள் தாமே கிட்ட வந்தன. முழங்கால்களை மடித்து முழங்கையை அதில் ஊன்றினால் எட்டு மடங்கில் படம் ஆடாது.

பவளக்காலி பறந்தபோது இறக்கையின் பின் ஓரத்தில் அகன்ற வெள்ளைக் கீற்று தெரிந்தது. சந்தேகத்தைத் தீர்க்கும் அடையாளம் அதுதான், கால் சேறு பூசியிருந்தாலும். பச்சைக்காலிக்கு இறக்கையில் வெள்ளை இல்லை. முதுகில் ஆப்பு வடிவில் வெள்ளை மேலே ஏறும், அலகு சற்று மேல்நோக்கி வளையும். அதன் பக்கத்தில் அதைவிடச் சிறியதாய், ஊசி போல நேரான மெல்லிய அலகோடு சதுப்பு உள்ளான் ஒன்று. மூன்றும் ஒரே வட்டத்துக்குள் நின்றன. டிசம்பரில் இவை மூன்றும் ஒரே சாம்பல் நிறப் பறவையாகத்தான் தெரிந்தன. சேற்றின் விளிம்பில் கொசு உள்ளான்கள் ஓடின. 13 சென்ரிமீற்றர் பறவை, 80 மீற்றரில் எட்டு மடங்கு என்றால் பத்து மீற்றரில் வெறுங்கண்ணால் பார்ப்பதற்குச் சமம், அலகு சேற்றில் தைப்பதை எண்ண முடிந்தது. தூரத்தில் ஊசிவால் வாத்துக் கூட்டம். நண்பர் இரண்டு மணி நேரத்தில் ஒருமுறையும் கண்ணைக் கசக்கவில்லை. எட்டரைக்குப் பிறகு சேற்றின்மேல் சூடு அலையத் தொடங்கி எல்லாம் நெளிந்தது. அது பைனாகுலரின் பிழையல்ல. திருகாணியைத் தொட ஓடக்கூடாது.

செலவு: ஐசோபுரோப்பைல் 100 மில்லிலீற்றர் 480 ரூபா, பெரொக்சைட் 220, றப்பர் குமிழ் 350, திருப்புளி செற் 900, கிறீஸ் 200, பஞ்சு 150, கியூடெக்ஸ் 180, சிலிக்கா ஜெல் அரைக் கிலோ 950, பெட்டி 850, ஈரப்பதன்மானி 1,400. வீணான ஸ்பிரிற் 160. மொத்தம் 5,840 ரூபா. இதில் 3,200 பாதுகாத்து வைப்பதற்கு மட்டும் போனது, அதைக் குறைக்கக்கூடாது. ஈரப்பதன் 60க்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் திரும்ப வரும். 40க்கும் 50க்கும் இடையில் வைத்தால் போதும். 30க்குக் கீழே போனால் தோல்துணி சுருங்கலாம். சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறும் செம்மஞ்சள் வகையை வாங்கினால், பச்சையானதும் பழைய தாச்சியில் இட்டு மெல்லிய நெருப்பில் கிளறித் திரும்பச் செம்மஞ்சளாக்கலாம். பைனாகுலரோடு வந்த பழைய தோல் உறையை எறிந்துவிட்டோம். பூஞ்சணம் குடியிருந்தது அதில்தான்.

மடிப்பில் 67க்கு ஒரு புள்ளி, 60க்கு இரண்டு புள்ளி கியூடெக்ஸால் வைத்திருக்கிறோம். கை மாறும்போது தேடித்தேடி மடிக்கும் நேரம் மிச்சம். வலது பார்வைத்துண்டின் திருத்த வளையத்திலும் இருவருக்கும் தனிக் கோடு வேண்டும், அது இன்னும் போடவில்லை.

இடது குழாயில் அந்த மெல்லிய முகில் அப்படியே இருக்கிறது. அதை இப்போது தொடுவதில்லை. மாரியில் திறந்ததுதான் பாதிப் பிழைக்குக் காரணம். ஆடியில் கச்சான் அடிக்கும்போது காற்று உலர்ந்திருக்கும், மேசையில் திறந்து வைத்தாலும் ஈரம் பிடிக்காது. அப்போது இடதை மட்டும் எடுத்து, இரண்டு அரியங்களையும் துடைத்து, மூன்று மடிப்பிலும் திரும்ப அளந்து மூடினால், ஆவணி புரட்டாதியில் முதல் உள்ளான்கள் இறங்குவதற்குள் வேலை முடிந்திருக்கும்.